214 மணி நேரம் பறந்தாயிற்று, இன்னும் என்ன குறை?

கேள்வி: அண்ணா, நான் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். தாத்தாவும் பாட்டியும் பால்மரம் வெட்டினார்கள். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். அமெரிக்காவில் இருக்கும் மாமா உதவியில் அங்கே விமானப் பயிற்சிக்குப் போனேன். தனியார் விமானி உரிமமும் கருவிப் பறத்தல் தகுதியும் வாங்கிவிட்டேன். இப்போது 214 மணி நேரம் ஆகிறது. அண்ணன் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். திரும்பிப் போனதும் வணிக விமானி உரிமத்துக்கான தேர்வு எழுத வேண்டும். பைப்பர் ஆரோ என்ற விமானத்தில் பத்து மணி நேரம் பயிற்சி எடுத்தே ஆக வேண்டும் என்று பள்ளியில் சொல்கிறார்கள். அதன் வாடகை அதிகம். அப்பா ஊழியர் சேமநிதியில் கைவைக்கத் தயாராக இருக்கிறார். இது அவசியமா? வேறு பள்ளியில் படிக்கும் தோழி 190 மணியிலேயே முடிக்கிறாள், எனக்கு மட்டும் ஏன் 250? மலேசியாவுக்குத் திரும்பி வேலை தேடும்போது இந்த உரிமம் செல்லுமா? நான் தனியாக நீண்ட தூரம் பறக்க வேண்டும் என்று கேள்விப்பட்டதிலிருந்து அம்மா தூங்குவதில்லை. என் லாக் புக் பக்கங்களை அனுப்பியிருக்கிறேன்.
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அன்புத் தங்கச்சிக்கு,

முதலில் ஆரோ விஷயத்தை முடித்துவிடுவோம். அப்பா சேமநிதிப் பாரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இது தெரிந்தாக வேண்டும்.

அவசியம் இல்லை. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.யின் விதி 61.129 தான் உங்களுக்குப் பொருந்துவது. ஒரு காலத்தில் அந்தப் பத்து மணி நேரப் பயிற்சியைச் சக்கரம் உள்ளே மடங்கும், இறக்கை மடல்கள் உள்ள, புரொப்பெல்லரின் கோணத்தை மாற்றக்கூடிய விமானத்தில்தான் எடுக்க வேண்டும். இல்லையென்றால் டர்பைன் என்ஜின் விமானத்தில். ஆரோ அந்த முதல் வகை. அப்படிப்பட்ட பயிற்சி விமானங்கள் பழசாகி, குறைந்துகொண்டே வந்தன. 2018 ஆகஸ்ட் 27 முதல் மூன்றாவதாக ஒரு வழியைத் திறந்தார்கள். நவீன மின்னணுத் திரைகள் கொண்ட விமானத்திலும் அந்தப் பத்து மணியை முடிக்கலாம், மூன்று வகையையும் கலந்தும் முடிக்கலாம். அதே ஆண்டு ஏப்ரலிலேயே, ஒற்றை என்ஜின் தேர்வுக்கு ஆரோ போன்ற விமானத்தைக் கொண்டுவர வேண்டும் என்ற கட்டாயத்தையும் எடுத்துவிட்டார்கள். உங்கள் பள்ளி வேண்டுமென்றே ஏமாற்றுகிறது என்று நான் சொல்லவில்லை. பழைய பாடத்திட்டத்தை மாற்றாமலே வைத்திருக்கலாம், ஆரோ சும்மா நிற்கிறதே என்றும் இருக்கலாம். எதுவானாலும் அந்தச் செலவு உங்கள் தலையில் விழ வேண்டியதில்லை.

உங்கள் லாக் புக்கில் கார்மின் ஜி1000 என்ற மின்னணுத் திரைத் தொகுப்பு பொருத்திய செஸ்னா 172 அடிக்கடி வருகிறது. அது இந்த மூன்றாவது வழிக்குப் பொருந்தும், ஆனால் ஒரு விஷயத்தை நேரில் பார்த்து உறுதி செய்யுங்கள். விதி கேட்பவை மூன்று: வேகம், உயரம், திசை எல்லாம் காட்டும் முதன்மைத் திரை; ஜி.பி.எஸ். வரைபடத்தில் உங்கள் விமானம் நகர்வதைக் காட்டும் இன்னொரு திரை. வழிகாட்டும் கருவிகளோடு இணைந்த, இரண்டு அச்சிலும் வேலை செய்யும் ஆட்டோபைலட். மூன்றும் விமானத்திலேயே பொருத்தப்பட்டிருக்க வேண்டும். மடியில் வைத்த ஐபேடில் வரைபடம் ஓடினால் அது கணக்கில்லை. உங்கள் பள்ளியில் மூன்று செஸ்னா இருந்தால் மூன்றிலும் ஒரே ஆட்டோபைலட் இருக்கும் என்று நினைக்காதீர்கள். வால் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த விமானத்தின் கையேட்டைத் திறந்து பாருங்கள்.

அப்புறம்தான் உங்கள் கணக்கில் முதல் ஓட்டை. அந்தச் செஸ்னாவில் 15.4 மணி இருக்கிறது, பத்துக்கு மேலேயே ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். விதியில் இருப்பது 'பயிற்சி'. இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, சொல்லிக்கொடுத்து, கையெழுத்துப் போட்ட நேரம் மட்டும்தான் சேரும். உங்கள் பக்கங்களில் அப்படி இருப்பது 6.1 மணி. மீதியெல்லாம் நீங்களே வாடகைக்கு எடுத்துப் பறந்தவை. ஆக இன்னும் 3.9 மணி வேண்டும், அதையும் அதே செஸ்னாவில் எடுத்தால் போதும்.

உங்கள் அப்பாவுக்கு இது எளிதாகப் புரியும். ஆலையில் லாரியின் மொத்த எடை பார்ப்பதோடு விடமாட்டார்கள், குலைகளைக் கொட்டி, பழுக்காததைத் தனியே எடுத்துத் தள்ளுவார்கள். தேர்வாளரும் உங்கள் 250-ஐ அப்படித்தான் கொட்டிப் பார்ப்பார். மொத்தம் சரியாக இருந்தும் ஒரு வரி தகுதி பெறாததால் தேர்வு தொடங்காமலே வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் உண்டு. அதனால்தான் உங்கள் பக்கங்களை வரி வரியாகப் பார்த்தேன்.

பெரிய சிக்கல் அந்த நீண்ட பயணத்தில். மூன்று விமான நிலையங்களில் இறங்கி, மொத்தம் 412 கடல் மைல் பறந்திருக்கிறீர்கள். நல்ல பயணம்தான், எனக்கே பார்க்க ஆசையாக இருந்தது. ஆனால் அது செல்லாது, அதுவும் இரண்டு காரணங்களால். விதிப்படி மொத்தத் தூரம் 300 கடல் மைலுக்குக் குறையக்கூடாது, மூன்று இடங்களில் இறங்க வேண்டும், அவற்றில் ஒன்று புறப்பட்ட இடத்திலிருந்து நேர்கோட்டில் 250 கடல் மைலாவது தள்ளி இருக்க வேண்டும். நீங்கள் போன மிகத் தூரமான இடம் 205 கடல் மைல். இந்த 250 எவ்வளவு பெரியது என்பதை நம் வரைபடத்திலேயே பாருங்கள்: ஈப்போவிலிருந்து ஜொகூர் செனாய் வரை நேர்கோட்டில் போனாலே சுமார் 234 கடல் மைல்தான், தேறாது. பினாங்கிலிருந்து புறப்பட்டுச் செனாயில் இறங்கினால் ஏறக்குறைய 299, அது தேறும். வளைந்து வளைந்து போய் மொத்தத்தைக் கூட்டுவதில் பிரயோசனம் இல்லை. புறப்பட்ட இடத்தில் அளவுகோலை வைத்து இழுங்கள், அந்தக் கோடுதான் கணக்கு.

இரண்டாவது காரணம், குறிப்புப் பத்தியில் நீங்களே எழுதியிருக்கும் 'உடன் வந்தவர்: வகுப்புத் தோழி'. இந்த நீண்ட பயணம் சோலோ என்ற பத்து மணிப் பகுதியில் வருவது, ஆரோ பேச்சில் வந்த பத்து மணிப் பயிற்சி வேறு. தனியாகப் பறக்க வேண்டும், அல்லது இன்ஸ்ட்ரக்டர் உடன் இருக்க, தலைமை விமானியின் பொறுப்பு முழுவதையும் நீங்களே செய்ய வேண்டும். தோழி வந்தால் அது இரண்டிலும் சேராது. அந்தப் பயணம் வீண் என்று வருத்தப்படாதீர்கள். தலைமை விமானி நேரத்திலும் தொலைப்பயண நேரத்திலும் அது முழுசாகச் சேர்ந்துவிட்டது. இந்த ஒரு கட்டத்தில் மட்டும்தான் நிரப்பாது.

இரவுப் பறத்தலுக்கும் இதே கதை. இரவில் ஐந்து மணி நேரம், பத்துப் புறப்பாடு, பத்து இறக்கம், ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஓடுதளத்தைச் சுற்றி ஒரு வட்டம். இதுவும் அதே சோலோ பகுதிக்குள் வருகிறது. நீங்கள் 12 இறக்கம் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இயங்கும் கண்ட்ரோல் டவர் உள்ள நிலையமாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. உங்கள் ஊர் டவர் இரவு ஒன்பது மணிக்கு மூடுகிறது என்று கடிதத்திலேயே போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பக்கத்தில் இருக்கும் நேரத்தைப் பார்த்தால் 12-ல் ஏழு, ஒன்பதுக்குப் பிறகு. டவர் கட்டடம் அங்கேயே நிற்கிறது, உள்ளே ஆள் இல்லை. அந்த ஏழும் போயிற்று. கோடை காலத்தில் அங்கே இருட்டவே நேரமாகும், அதனால் மூடும் நேரத்துக்கு முன் கிடைக்கும் இரவு கொஞ்சம்தான். இரவு முழுக்க டவர் இயங்கும் பெரிய நிலையம் பக்கத்தில் எது என்று பார்த்து, அங்கே போய்ச் செய்யுங்கள். குறிப்புப் பத்தியில் 'சோலோ, இரவு, டவர் இயக்கத்தில், 10 புறப்பாடு 10 இறக்கம்' என்று எழுதிவிடுங்கள். அப்படி எழுதியிருந்தால் தேர்வாளர் கேள்வியே கேட்கமாட்டார்.

இன்ஸ்ட்ரக்டரோடு செய்த பகல் தொலைப்பயணம் 1.9 மணி. விதி இரண்டு மணி என்கிறது, 1.9 என்பது இரண்டு இல்லை. 100 கடல் மைலுக்கு மேல் தள்ளிப் போயிருக்கிறீர்கள், அது சரி. நேரத்தில் ஆறு நிமிடம் குறைவு. கொடுமையாகத்தான் இருக்கிறது, ஆனால் இதில் பேரம் பேச முடியாது. மறுபடி செய்யும்போது அந்த ஜி1000 செஸ்னாவிலேயே செய்யுங்கள், பாக்கி 3.9 மணியில் பாதி அதிலேயே வந்துவிடும். இரவுத் தொலைப்பயணம் 2.3 மணி, அது சரி. கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி பத்து மணியும், நீங்கள் கருவிப் பறத்தல் தகுதிக்குப் படித்தபோதே இருக்கிறது. ஒரே ஒரு வேலை: அந்த வரிகளில், பார்வை மறைப்புக் கருவி போட்டதும், தாறுமாறான நிலையிலிருந்து விமானத்தை மீட்கும் பயிற்சி எடுத்ததும், சில கருவிகள் செயலிழந்தது போல வைத்துப் பறந்ததும் எழுதப்பட்டிருக்கிறதா என்று உங்கள் இன்ஸ்ட்ரக்டரோடு உட்கார்ந்து சரிபாருங்கள். அவர் வேறு ஊருக்கு வேலை மாறிப் போவதற்குள் இதை முடியுங்கள்.

இனி, மலேசியாவில் செல்லுமா என்ற கேள்வி. உங்கள் கடிதத்தில் முக்கியமானது இதுதான். அமெரிக்க உரிமத்தை வைத்துக்கொண்டு நேராக நம் ஊர் விமான நிறுவனத்தில் போய் உட்கார முடியாது. மலேசியப் பொது விமானப் போக்குவரத்து ஆணையத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கே உங்கள் மணிக்கணக்கை வேறு கண்ணால் பார்ப்பார்கள். தலைமை விமானியாக 128 மணி என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் 46 மணி, தனியார் உரிமம் வாங்கிய பிறகு இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் இருந்து கற்றுக்கொடுத்தபோது பறந்தவை. உரிமம் உள்ள வகை விமானத்தின் கட்டுப்பாட்டை நீங்கள் மட்டும் கையாண்டால் அதைத் தலைமை நேரமாக எழுதிக்கொள்ள எஃப்.ஏ.ஏ. அனுமதிக்கிறது. நம் பக்கத்து முறையில் கற்றுக்கொள்ளும் நேரம் கற்றுக்கொள்ளும் நேரம்தான், தலைமை நேரம் ஆகாது. அப்படிப் பிரித்தால் உங்களிடம் இருப்பது 82.

சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் உரிம விதிகள், அங்கீகரித்த தொடர் பயிற்சியில் வராதவர்களுக்கு மொத்தம் 200 மணியும், அதில் தலைமை விமானியாக 100 மணியும் கேட்கின்றன. மொத்தம் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. தலைமை நேரத்தில்தான் 18 மணி குறைகிறது. இப்போது உங்கள் 250-க்குப் பாக்கி இருக்கும் 36 மணியைப் பாருங்கள். செஸ்னாவில் பயிற்சி 3.9, தேர்வுக்கு முன்னான தயாரிப்புப் பயிற்சி 3, ஆக ஏறக்குறைய ஏழு மணிதான் இன்ஸ்ட்ரக்டருக்கு. மீதி 29 மணியையும் நீங்கள் தலைமை விமானியாகவே பறந்தால் 82 என்பது 111 ஆகிவிடும். இரண்டு நாட்டுக் கணக்கும் ஒரே செலவில் முடியும். மாறாக அந்த ஆரோவுக்கு பத்து மணி இன்ஸ்ட்ரக்டரோடு போயிருந்தால், கூடுதல் காசும் கொடுத்து, இங்கே தேவைப்படும் தலைமை நேரத்தையும் குறைத்துக்கொண்டிருப்பீர்கள்.

இதே காரணத்துக்காக அந்த நீண்ட பயணத்தையும் இரவுப் பறத்தலையும் இன்ஸ்ட்ரக்டரை ஏற்றிக்கொண்டு செய்யாதீர்கள். அமெரிக்க விதி அதை அனுமதிக்கிறது என்று மேலே சொன்னேன். ஆனால் பத்து வருடம் கழித்து நம் ஊரில் யாரோ அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது, 'இன்ஸ்ட்ரக்டர் உடன் இருந்தார், ஆனால் தலைமை நான்தான்' என்று விளக்கிக்கொண்டிருக்கும்படி ஆகும். தனியாகப் போங்கள். போகிற வழியில் இரண்டு வெவ்வேறு நிலையங்களில் விமானத்தை முழுமையாக நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். சர்வதேச விதி அப்படி இரண்டு முழு நிறுத்த இறக்கங்களைக் கேட்கிறது. ஒரே பயணத்தில் இரண்டு விதியும் நிறைவேறும். இங்கே மாற்றும்போது என்னென்ன பாடத் தேர்வு எழுத வேண்டும் என்பதைப் புத்ராஜெயாவில் இருக்கும் ஆணையத்துக்கு இப்போதே எழுதிக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் சீனியர் சொன்னார் என்பது போதாது. பதில் எழுத்தில் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

நீண்ட பயணமும் இரவும் சேர்ந்து பத்து மணி. அதுபோக மீதி சுமார் 19 மணி. 'மணி சேர்க்கிறேன்' என்று நேராகப் பறந்து திரும்பி வராதீர்கள், அது அப்பா லாரி ஓட்டிச் சேர்த்த காசு. வணிக உரிமத் தேர்வில் கேட்கும் பயிற்சிகளில், என்ஜினை ஐடிலில் வைத்து 180 பாகை திரும்பி இறங்குவதில்தான் நல்ல விமானிகளே தடுமாறுகிறார்கள். ரன்வேக்கு இணையாகப் போய்க்கொண்டிருக்கும்போது, குறித்த புள்ளிக்கு நேர் எதிரே வந்ததும் பவரை முழுக்க எடுத்துவிட வேண்டும். அதிலிருந்து சக்கரம் தரையைத் தொடும் வரை பவரைத் தொடக்கூடாது. புள்ளிக்கு முன்னால் ஓர் அடி கூடத் தொடக்கூடாது, அதைத் தாண்டி 200 அடிக்குள் தொட்டுவிட வேண்டும். காற்று ஒரு நாள் ஒரு மாதிரி இருக்கும். எதிர்க்காற்று பலமாக இருக்கும் நாளில், வழக்கமான இடத்தில் திரும்பினால் ரன்வேயை எட்டவே மாட்டீர்கள், முன்கூட்டியே உள்ளே திரும்ப வேண்டும். காற்று இல்லாத நாளில் அதே இடத்தில் திரும்பினால் உயரம் மிஞ்சும். அப்போது மடல்களை எப்போது இறக்குவது, பக்கவாட்டில் சறுக்கி உயரத்தைக் குறைப்பது எப்படி என்பது கைக்கு வர வேண்டும். இன்ஸ்ட்ரக்டரிடம் சரியாகக் கற்றுக்கொண்ட பிறகு, வெவ்வேறு காற்றில் நீங்களே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். அந்த 19 மணியில் பெரும்பகுதி இதற்கே போகட்டும்.

தயாரிப்புப் பயிற்சி மூன்று மணி பற்றி ஒரு எச்சரிக்கை. தேர்வு நடக்கும் மாதத்துக்கு முந்தைய இரண்டு காலண்டர் மாதங்களுக்குள் அது நடந்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கு வருவதற்கு முன் செய்ததை நம்பி இருக்காதீர்கள். எழுத்துத் தேர்வு 100 கேள்வி, 70 எடுத்தால் தேர்ச்சி. அதன் முடிவு 24 மாதம் செல்லும், அதை இங்கே இருக்கும்போதே படித்து வையுங்கள்.

தோழியின் 190 மணி: அவள் படிப்பது எஃப்.ஏ.ஏ. அங்கீகரித்த பாடத்திட்டப்படி நடக்கும் 141-ஆம் பிரிவுப் பள்ளி. உங்களுடையது 61-ஆம் பிரிவு. அதில் 250 தான். இப்போது அங்கே மாறினால் மிச்சம் என்று தோன்றும். ஆனால் 61-ஆம் பிரிவில் எடுத்த பயிற்சியில், புதிய பள்ளியின் பாடத்திட்டத்தில் கால் பங்கு வரைதான் கழித்துக்கொள்வார்கள். 214 மணியில் நிற்கும் உங்களுக்கு மாறுவது நஷ்டம்.

ஊரில் இருக்கும் இந்த நாட்களில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் கடிதத்தில் எழுதவே இல்லை. மருத்துவப் பரிசோதனை. அமெரிக்காவில் வணிக விமானியாக வேலை செய்ய இரண்டாம் வகுப்புச் சான்று போதும். இங்கே முதல் வகுப்பு வேண்டும். ஈ.சி.ஜி., காது, கண், நிறம் பிரித்தறியும் திறன் எல்லாம் பார்ப்பார்கள். நிறக்குருட்டின் லேசான சாயல் இருந்தாலும் அது இங்கே தெரிந்துவிடும். மீதி 36 மணிக்குப் பணம் கட்டுவதற்கு முன் தெரிவதுதான் நல்லது. ஆணையம் அங்கீகரித்த விமான மருத்துவரிடம் இந்த வாரமே நேரம் வாங்குங்கள்.

அப்பாவிடம் சொல்லுங்கள்: சேமநிதியில் மொத்தமாக எடுத்துப் பள்ளியில் முன்பணமாகக் கட்ட வேண்டாம். முன்பணம் வாங்கிய பறக்கும் பள்ளி மூடிப்போய், மாணவர்கள் கையைப் பிசைந்து நின்றது அங்கேயும் நடந்திருக்கிறது, இங்கேயும் நடந்திருக்கிறது. பறந்த மணிக்குப் பறந்த அன்று பணம் கட்டுங்கள். பள்ளி சம்மதிக்கவில்லை என்றால், அதுவே அந்தப் பள்ளியைப் பற்றி ஒரு செய்தி.

அம்மாவுக்கு நானே சொல்கிறேன். அம்மா, உங்கள் மகள் தனியாகப் போவது என்றால் யாருக்கும் தெரியாமல் போவது இல்லை. கிளம்புமுன் எந்த வழி, எத்தனை மணிக்கு, எவ்வளவு எரிபொருள் என்று எழுதிப் பதிவு செய்துவிட்டுத்தான் போவாள். சொன்ன நேரத்துக்கு அரை மணி தாண்டியும் அவள் வந்து சேர்ந்ததைத் தெரிவிக்கவில்லை என்றால் விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். வழியெல்லாம் ரேடாரில் பார்த்துக்கொண்டே அவளோடு பேசும் கட்டுப்பாட்டாளர்களின் உதவியைக் கேட்டுப் பெறலாம், தங்கச்சி அதைக் கட்டாயம் கேட்க வேண்டும். போய்ச் சேரும் இடத்துக்கு வேண்டியதற்கு மேல், பகலில் அரை மணிக்கும் இரவில் முக்கால் மணிக்கும் எரிபொருள் மிச்சம் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு மணிக்கு வைத்துக்கொள் என்பது என் சொல். இறங்கும் ஒவ்வோர் ஊரிலிருந்தும் உங்களுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அங்கே பகல் என்றால் இங்கே இரவு, அதனால் போனைச் சத்தம் குறைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.